பழைய ஹொண்டா 90 எஞ்சின் முழுப் பிரிப்பு: கிராங்க் பேரிங் எது, எப்படிப் போடுறது?

உவர்மலை90

வணக்கம். 70களில வந்த ஹொண்டா 90, படுக்கை சிலிண்டர், பொயின்ற் இக்னிஷன். உப்புவெளிக் கடற்கரைப் பக்கம் கொட்டிலுக்குள்ள கனகாலம் நிண்ட வண்டி. ஹெட், சிலிண்டர், கிளச், மக்னட் எல்லாம் இறக்கி கேஸை (எஞ்சின் வெளிக்கூட்டை) ரெண்டாப் பிரிச்சாச்சு. இப்ப மேசையில இருக்கிற நிலைமை இது:

கிராங்க் பேரிங் ரெண்டும் கிராங்கோடயே வந்தது. சுத்தினால் ஒரே இடத்தில கரகரக்குது. மக்னட் பக்கத்துப் பேரிங்கில நம்பர் அழிஞ்சு போச்சு. வேர்னியரில உள் 20, வெளி 52, அகலம் 15. கொன்ரொட்டை (பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கிற தண்டை) மேலுங்கீழும் இழுத்தால் ஆட்டம் தெரியேல்ல, பக்கவாட்டில மட்டும் ஆடுது. கிளச் பக்கக் கேஸில பேரிங் இருக்கிற குழி பளபளவெண்டு இருக்கு.

கடையில 6304 எண்டு மூண்டு சாமான் காட்டுறாங்கள்: வெறும் 6304, 6304 சீ-3, 6304 2ஆர்எஸ். எது எடுக்கிறது? குழி தளர்ந்திட்டுது, பஞ்ச் எண்ட கூர்க்கம்பியால நாலு குத்துக் குத்தினால் பிடிக்கும் எண்டு ஒரு கராஜில சொல்லுறாங்கள். அது சரியோ?

லேத்கை

பஞ்ச்சைக் கீழே வையுங்கோ. முதலில் அளவு.

நம்பர் அழிந்தாலும் கவலையில்லை, நீங்கள் எடுத்த மூன்று அளவும் 6304தான். 6 என்றால் ஒற்றை வரிசைப் போல் (உருண்டை) பேரிங். அடுத்த 3 பருமன் வரிசை, 2 என்றால் அதே உள்ளளவில் மெலிசு. கடைசி இரண்டு இலக்கத்தை 5ஆல் பெருக்கினால் உள்விட்டம்: 04 என்றால் 20. இந்தப் பெருக்கல் 04இலிருந்துதான் செல்லும். 00 என்றால் 10, 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17. 6204 என்றால் 20, 47, 14. 6304 என்றால் 20, 52, 15. இடையில் கோடு போட்டு 63/22 என்று வந்தால் 22 நேரடியாக மில்லிமீற்றர், பெருக்கக் கூடாது. வண்டிக்கு வண்டி, வருசத்துக்கு வருசம் மாறும். ஆகவே மற்றவரின் எஞ்சினில் என்ன போட்டது என்று கேட்டு வாங்காமல் உங்கள் கையில் இருப்பதை அளந்து வாங்குங்கோ.

நம்பர் என்பது வகையையும் அளவுகளையும் மட்டும்தான் சொல்லும். உள்ளே போலுக்கும் பாதைக்கும் இடையில் எவ்வளவு தளர்வு, போல்களைப் பிடிக்கும் கூடு எதால் செய்தது, மூடி இருக்கா இல்லையா, வெளிவளையத்தில் கிளிப் பள்ளம் இருக்கா என்பதெல்லாம் பின்னால் வரும் எழுத்துகளில் இருக்கு. கடைக்காரர் நம்பரைப் பார்த்து எடுத்துத் தருவார், எழுத்தைப் பார்ப்பது உங்கள் பொறுப்பு.

கிராங்குக்கு சீ-3. காரணம் இது. 20 மி.மீ. உள்விட்டத்துக்குச் சாதாரணத் தளர்வு 5 முதல் 20 மைக்ரோன். சீ-3 என்றால் 13 முதல் 28 மைக்ரோன். இந்த எஞ்சினில் உள்வளையம் கிராங்க் அச்சில் இறுக்கமாக ஏறி நிற்கும். அச்சு 10 முதல் 15 மைக்ரோன் பெரிசு என்று வையுங்கோ. அந்த இறுக்கத்தில் முக்கால் பங்குக்கு மேல் உள்வளையத்தின் ஓடுபாதையை விரிக்கிறதில் போகும், அந்தளவு தளர்வு குறையும். சாதாரண பேரிங்கில் கீழ் எல்லையில் உள்ளது ஒன்று உங்கள் கைக்கு வந்தால், ஏற்றி முடியமுன்னமே தளர்வு பூச்சியம். எஞ்சின் சூடானால் உள்வளையம் வெளிவளையத்தைவிடக் கூடச் சூடாகும், இன்னும் இறுகும். பிறகு ஊளையிடும், கொஞ்ச நாளில் பாதை உரியும். சீ-3 போட்டால் ஏற்றிய பிறகும் கொஞ்சம் மிஞ்சும்.

புது சீ-3 பேரிங்கைக் கையில் வைத்து ஆட்டினால் கொஞ்சம் கலகலக்கும். அதைத் தேய்ந்த சாமான் என்று திருப்பிக் கொடுக்காதீங்கோ.

கிண்ணியா கராஜ்

தம்பி, 2ஆர்எஸ் எஞ்சினுக்குள்ள வேணாம். ரெண்டு பக்கமும் ரப்பர் மூடி. உள்ள கிறீஸ் அடைச்சிரிக்கும். எஞ்சின் ஒயில் உள்ள போகாது, கிறீஸ் சூட்டுல உருகிப் போயிரும், மூடியும் நாளாக ஒடஞ்சி ஒயில் வலைக்குப் போகும். அது சில்லுக்கு நல்லம்.

கடையில தொறந்தது இல்ல, மூடினதுதான் இரிக்கின்னா மூடியக் கழட்டலாம். மெல்லிய பிளேடு நுனியால ஓரத்தத் தூக்கி எடுத்துட்டு, மண்ணெண்ணெயில கிறீஸ முழுசாக் கழுவி, காயவச்சி, ஒடனே ஒயில் போடுங்க. ஆனா அதுலயும் சீ-3 இரிக்கான்னு பாத்துதான். சில்லுக்கு வார 2ஆர்எஸ் அனேகமாச் சாதாரணத் தளர்வுதான்.

இன்னொரு எழுத்து: சீஎம். ஜப்பான் பேரிங்குல வரும். மின்மோட்டருக்குச் சத்தம் கொறைய வேணும்னு தளர்வ இறுக்கமான எல்லைக்குள்ள வச்சிச் செஞ்சது. மோட்டர் சுத்துற கடைகளுக்கு வாறதால நம்ம கைக்கும் சிலநேரம் வரும். கிராங்குக்கு எடுக்க வேணாம்.

மூடிக்கு ஒவ்வொரு கொம்பனியும் ஒவ்வொரு எழுத்து. ரப்பர் மூடின்னா எஸ்கேஎஃப்ல 2ஆர்எஸ்1, என்எஸ்கேல டிடியூ, என்டிஎன்ல எல்எல்யூ. தகரமூடி எஸ்கேஎஃப்ல 2இசட், ஜப்பான்காரன் இசட்இசட்ன்னு அடிப்பான். சீ-3 மட்டும் எல்லாத்துலயும் சீ-3தான்.

பழைய இரும்பு

ஹொண்டா பார்ட் நம்பர் கையில் இருந்தால் அதிலயே விடை இருக்கும். 96100-63040 என்று தொடங்கினால் சாதாரண 6304. 91001, 91002 என்று தொடங்கினால் ஹொண்டாவுக்கென்று செய்வித்தது, அளவோ தளர்வோ கிளிப் பள்ளமோ வேறாக இருக்கலாம், பழையதை வைத்து ஒப்பிடாமல் வாங்காதே. யமஹாவில் 93306-204 என்றால் 6204. சுசுகியில் 09262க்குப் பின்னால் வரும் இரண்டு இலக்கம் உள்விட்டம்.

உவர்மலை90

மிச்சம் நன்றி. பார்ட் நம்பர் கையில இல்லை. பழசு ரெண்டிலயும் வெளிவளையத்தில பள்ளம் ஒண்டும் இல்லை, மழமழவெண்டுதான் இருக்கு. அப்ப 6304 சீ-3, திறந்தது.

குழி விசயம்? பேரிங் கேஸுக்குள்ளால கையால இழுக்கவே வந்தது. அதுதான் தளர்ந்திட்டுது எண்டு நினைச்சன்.

லேத்கை

கையால் வந்தது குற்றமில்லை. இந்த வகை ஹொண்டாவில் பேரிங் கிராங்கில் இறுக்கம், கேஸில் இலேசு. கேஸைப் பிரிக்கும்போது கிராங்க் பேரிங்கோடு தூக்கி எடுக்கும்படிதான் அமைப்பு. இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்களில் அனேகமாகத் தலைகீழ், கேஸில் இறுக்கமாக இருக்கும், சூடாக்காமல் வராது. அதைப் பார்த்துப் பழகியவர்கள்தான் ஹொண்டா கேஸையும் தளர்ந்தது என்று குத்துகிறார்கள்.

பளபளப்பு வேறு விசயம். குழி முழுக்க மெல்லிய சாம்பல் மினுக்கம் என்றால் பேசாமல் விடலாம். சுற்றிவர வரிவரியாகக் கீறி, கபிலப் பொடி ஒட்டி, விளிம்பில் நகத்துக்கு ஒரு படி தட்டுப்பட்டால் வெளிவளையம் சுழன்றிருக்கு.

வேர்னியரால் குழியை அளந்து முடிவெடுக்காதீங்கோ, வாய் அவ்வளவு நம்பகமில்லை. டெலஸ்கோப் கேஜும் மைக்ரோமீற்றரும் வேணும், இல்லாவிட்டால் லேத்துக்குக் கொண்டு போங்கோ. அளக்கும் முறை: வாயிலிருந்து 3 மி.மீ. உள்ளே ஒன்று, அடியில் ஒன்று. இரண்டு இடத்திலும் நெடுக்காக ஒன்று, குறுக்காக ஒன்று. நாலு அளவு. சிலிண்டர் நோக்கிய திசையில்தான் இழுவை கூட, அந்தத் திசை மற்றதைவிடப் பெரிசா வந்தால் முட்டை வடிவம். கேஸும் மைக்ரோமீற்றரும் ஒரே சூட்டில் இருக்க வேணும். வெயிலில் கிடந்த கேஸை அப்படியே அளந்தால் ஒரு தௌ பொய் சொல்லும். ஒரு தௌ என்றால் 0.025 மி.மீ., இங்கே அது பெரிய கணக்கு.

52.00 முதல் 52.02 வரை வந்தால் அப்படியே பூட்டுங்கோ. 52.05ஐத் தாண்டினால் வேலை இருக்கு.

சீனக்குடா 2ஸ்ட்ரோக்

இடையில கேக்கிறதுக்கு மன்னிக்கவும். பஞ்ச் குத்திறதில என்ன பிழை அண்ணை? ஊரில பாதி வண்டி அப்பிடித்தானே ஓடுது.

லேத்கை

குத்தும்போது அலுமினியம் புள்ளிபுள்ளியாக மேலே எழும்பும். பேரிங் அந்த நுனிகளில் மட்டும் நிற்கும். நுனி மெல்லிசு, சுத்தலில் நசிந்து சில நூறு கிலோமீற்றருக்குள் பழையபடி தளரும், அதோடு அலுமினியப் பொடி ஒயிலுக்குள் போகும். இதைவிட மோசம், நாலு பக்கமும் ஒரே உயரம் எழும்பாது. பேரிங் மையத்திலிருந்து ஒரு பக்கம் தள்ளி நிற்கும், கிராங்கின் இரண்டு பக்கமும் ஒரே கோட்டில் இராது. பிறகு முறையாக ஸ்லீவ் (உள் வளையம்) போட வந்தாலும் குழியின் மூல மையம் எது என்று கண்டுபிடிக்க வழியில்லை.

சூட்டுக் கணக்கும் பாருங்கோ. அலுமினியம் ஒரு பாகைக்கு மீற்றருக்கு 23 மைக்ரோன் விரியும், உருக்கு 12. வித்தியாசம் 11. 52 மி.மீ. குழி 60 பாகை சூடேறினால் பேரிங்கைவிட 0.034 மி.மீ. கூடப் பெருக்கும். அதாவது குளிரில் 0.06 தளர்வு என்றால் ஓடும்போது 0.09க்கு மேல். குளிரில் அந்தப் பஞ்ச் நுனி இறுக்கிப் பிடிப்பதாகத் தெரிந்தாலும் சூட்டில் விட்டுவிடும். இரண்டு ஸ்ட்ரோக்கில் கேஸில் இறுக்கம் வைத்ததே இதற்காகத்தான்.

கிண்ணியா கராஜ்

லேத்கை நானா சொல்றது சரி. கியர்பொக்ஸ் பேரிங்குக்கும் இதே கணக்குத்தான். சின்னச் சாமான்னு விட்டுராதீங்க.

உவர்மலைத் தம்பிக்கு ஒரு விசயம். கடக்கரையில நின்ன எஞ்சின்ல பேரிங்க மட்டும் பாத்தாப் போதாது. உப்புக்காத்து மூச்சுக் குழாயாலயும், எக்ஸோஸ்டாலயும், தொறந்து கெடக்குற வால்வாலயும் உள்ள போகும். மார்கழி மழையில ஈரம் உள்ள கூடி கீழ எறங்கி நிக்கும். ஒயில் மட்டத்துக்கு மேல நின்ன போல்கள்தான் துருப்புடிக்கும். ஒரே எடத்துல கரகரக்குதுன்னு சொன்னீங்களே, அதுதான் இது. போல் நின்ன எடத்துல பாதையில குழி. கழுவி ஒயில் போட்டா சத்தம் கொஞ்சம் அடங்குற மாதிரித் தெரியும், நம்பாதீங்க.

பிக் எண்டுலயும் (கொன்ரொட் கிராங்கோட சேர்ற முனை) ரோலர் இரிக்கி, அதுக்கும் இதே கதைதான். மேலுங்கீழும் ஆட்டம் இல்லன்னாலும், மண்ணெண்ணெயில நல்லாக் கழுவி, காயவச்சி, ரொட்டப் புடிச்சி மெதுவாச் சுத்திப் பாருங்க. கரகரப்பு கைக்குத் தெரிஞ்சா கொன்ரொட் கிட் (ரொட், பின், ரோலர் சேந்த செட்) போடணும். காத்தடிச்சி பேரிங்க விர்ருன்னு சுத்த விடாதீங்க, ஒயில் இல்லாமச் சுத்தினா நல்லதும் கெட்டுப்போகும்.

பழைய இரும்பு

பக்கவாட்டு ஆட்டம் வேண்டியது, அது இல்லாவிட்டால்தான் ஆபத்து. ஃபீலர் கேஜ் வைத்துப் பார்: புதிசில் 0.10 முதல் 0.35 வரை. மேலுங்கீழும் 0.05 தாண்டினால் கிட். டயல் கேஜ் இல்லாமல் 0.05ஐக் கைக்குத் தெரியும் என்று சொல்பவனை நம்பாதே.

உவர்மலை90

லேத்தில அளந்தாச்சு. மக்னட் பக்கம் நாலு அளவும் 52.01க்குள்ள. கிளச் பக்கம் வாயில 52.05, அடியில 52.06, முட்டை இல்லை, வட்டமாத்தான் இருக்கு. அடியில நகத்துக்குப் படி தட்டுது.

ரொட் கழுவிப் பாத்தன், கரகரப்பு இருக்கு. அப்ப கொன்ரொட் கிட்டும் சேருது. கிராங்க் ஓட்டம் (சுத்தேக்க அச்சு விலகி ஆடுறது) டயலில 0.08 காட்டிச்சு.

இனி பேரிங்கை எப்பிடிக் கழட்டுறது? கடைக்காரப் பெடியன் உளி வைச்சு அடிக்கலாம் எண்டான்.

லேத்கை

உளி வேண்டாம். கிராங்க் இரண்டு தட்டும் ஒரு பின்னும் அழுத்திச் சேர்த்தது. தட்டுக்கும் பேரிங்குக்கும் இடையில் ஆப்பு இறக்கினால் தட்டு பின்னில் சரியும். உங்களுக்கு எப்படியும் கிராங்க் பிரிகிறதுதான், ஆனால் தட்டின் முகம் கீறக் கூடாது.

பிளவு பிளேட் புல்லரை உள்வளையத்துக்குப் பின்னால் இறுக்கி, அச்சு நுனியில் பாதுகாப்புக்கு ஒரு நட்டோ பித்தளைத் துண்டோ வைத்து இழுங்கோ. மக்னட் பக்கம் கேம் செயின் பல்சக்கரமும் இருக்கும். அதைக் கழட்ட முன்னம் அச்சின் சாவிப் பள்ளத்துக்கு நேரே எந்தப் பல் நிற்குது என்று கீறிக் குறியுங்கோ, படமும் எடுங்கோ. ஒரு பல் மாறினால் வால்வு நேரம் முழுக்கப் பிழைக்கும், பிறகு ஹெட்டில் போய்ப் பிழை தேடுவீங்கள்.

கிராங்க் பிரித்துக் கொன்ரொட் மாற்றுவது அழுத்த இயந்திரம் உள்ள லேத் வேலை. கொடுக்கும்போது இரண்டு விசயம் வாய் விட்டுச் சொல்லுங்கோ. முதலாவது, புதுப் பின்னில் ஒயில் துளை இருக்கும். தட்டில் ஒயில் வரும் துளைக்கு நேரே அது நிற்க வேணும். பின்னை எப்படியும் திருப்பி அழுத்தலாம், இறுகும், ஓடும், ஆனால் பிக் எண்டுக்கு ஒயில் வராது. அழுத்தி முடிந்ததும் அச்சு நுனித் துளையால் ஒயில் கானை வைத்து அடித்து ரோலர் பக்கம் கசியுதா என்று அவர் கண்முன்னாலே பாருங்கோ. இரண்டாவது, ஓட்டம். சேர்விஸ் எல்லை 0.10 என்று இருக்கும், அது கழிக்க வேண்டிய எல்லை. புதிதாகச் சேர்த்த கிராங்க் 0.03க்குள் வர வேணும். வீ-பிளொக்கில் வைத்து டயல் பார்த்துச் செம்புச் சுத்தியலால் தட்டித் தட்டிச் சரிக்கட்டுவது பொறுமை பிடித்த வேலை, அவசரப்படுத்த வேண்டாம்.

ஏற்றும்போது அழுத்த இயந்திரத்தில் வைத்து மேல் அச்சிலிருந்து கீழ் அச்சுக்கு அழுத்தினால் இரண்டு தட்டும் கிட்ட நெருங்கி ரொட்டின் பக்க இடைவெளி போய்விடும். ஆகவே சூடு வழிதான் திறம். பேரிங்கை ஒயில் சட்டியில் கம்பியில் தொங்கவிட்டு, சட்டி அடியில் முட்டாமல், 100 பாகைக்குக் கொண்டு வாங்கோ. 120ஐத் தாண்ட வேண்டாம், உருக்கின் பதமும் அளவும் மாறத் தொடங்கும். நைலோன் கூடு உள்ளது என்றால் இன்னும் கவனம். துணியில் பிடித்து அச்சில் விட்டால் தானாக இறங்கும். அடி வரை போனதும் ஆறும்வரை சில விநாடி அழுத்திப் பிடியுங்கோ, இல்லாவிட்டால் சுருங்கும்போது பின்வாங்கி இடைவெளி விடும். தட்ட வேண்டி வந்தால் உள்வளையத்தில் மட்டும். வெளிவளையத்தில் அடித்தால் அந்த அடி போல்கள் வழியாகத்தான் உள்ளே போகும், பாதையில் போல் இடைவெளிக்கு ஒரு பள்ளம் விழும். புதுப் பேரிங் முதல் நாளே ஊளையிடுவதற்கு அனேகமாக இதுதான் காரணம்.

சீனக்குடா 2ஸ்ட்ரோக்

என்ர யமஹாவில கேஸுக்குள்ள இறுக்கம். அதுக்குச் சூடு கேஸுக்குத்தானே? காஸ் லைட்டரால பேரிங்கைச் சுத்திச் சூடு காட்டலாமோ?

கிண்ணியா கராஜ்

நெருப்ப ஒரே எடத்துல காட்டினா கேஸ் நெளியும், கேஸ்கட் மொகம் போயிரும். கேஸ முழுசா அவனுல வைங்க, 100லருந்து 120. அதுக்கு முன்ன பெற்றோல், மண்ணெண்ணெய் வாடை ஒரு சொட்டும் இல்லாமச் சோப்புத் தண்ணில கழுவிக் காயவைங்க, இல்லன்னா அவனே வெடிக்கும். பிளாஸ்டிக், ரப்பர் சீல் எல்லாம் மொதல்லயே கழட்டிருங்க.

சூடான கேஸ ரெண்டு மரக்கட்டை மேல கவுத்துத் தட்டினா பழைய பேரிங் தானா விழும். மொக வெளிம்பு மரத்துல படட்டும், சீமெந்துல வேணாம். புதுச எண்ணெய்க் காகிதத்தோட பொலித்தீன்ல சுத்தி ஃபிரிட்ஜுக்கு மேல்தட்டுல ராத்திரி வைங்க. 30 பாகையிலருந்து 110க்கு கேஸ் போனா 52 மில்லிக் குழி கிட்டத்தட்ட 0.095 பெருக்கும். இறுக்கம் எவ்வளவு இருந்தாலும் விழும். வேகமா வைக்கணும், கேஸ் சூட்ட பேரிங் வாங்கினா பாதியில நிக்கும். சாஞ்சு நின்னுட்டா அடிச்சி எறக்காதீங்க, திருப்பிச் சூடு காட்டி எடுத்துட்டு மறுபடி வைங்க.

இரண்டு ஸ்ட்ரோக்குல மூடின பேரிங் போட்டா ஒயில் சீல் தேவல்லன்னு சிலபேர் சொல்லுவாங்க. கிராங்க் அறை காத்துப் புடிச்சி நிக்கணும், பேரிங் மூடி அதுக்கு ஆகாது. சீல் தனியா புதுசு போடணும், உதட்டுல கொஞ்சம் கிறீஸ் தடவி.

தொக்கையார்ட் வீதி

எனக்கொரு பிரிட்டிஷ் ட்ரையம்ப் 650 கிராங்க் கிடைச்சிருக்கு. பேரிங் 28.5 மில்லி உள்ளளவு காட்டுது. 6306 கடைஞ்சு போடலாமோ?

பழைய இரும்பு

கடையாதே. அது அங்குல பேரிங். 1⅛ அங்குலம் உள், 2 13/16 வெளி, 13/16 அகலம். மில்லியில் 28.575, 71.44, 20.64. 6306 என்றால் 30, 72, 19. உள்ளே 1.4 தளரும், வெளியே குழிக்குள் போகாது, அகலமும் காணாது.

எம்ஜே 1⅛ என்றோ ஆர்எம்எஸ் 9 என்றோ கேள். இன்னும் செய்கிறார்கள், விலைதான் பொல்லாதது. பழைய பிரிட்டிஷ் பேரிங்கில் தளர்வை வட்டப் புள்ளியில் அடிப்பார்கள்: இரண்டு புள்ளி சாதாரணம், மூன்று புள்ளி சீ-3க்குச் சமம். நம்பர் மட்டும் பார்த்து இரண்டு புள்ளி வாங்கிவிடாதே. பிந்தி வந்த 650, 750களில் மெட்ரிக் பேரிங்கும் உண்டு, உன் கிராங்கை மைக்ரோமீற்றரால் அளந்து தெரிந்துகொள்.

அளவு சரியாக இருந்தாலும் வகை பிழைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நோர்ட்டன் கொமாண்டோ பெயர் போனது. கியர்பொக்ஸ் லேஷாஃப்டில் (துணை அச்சில்) போல் பேரிங் 6203 சுமை தாங்காமல் உடைந்து கியர்பொக்ஸையே பூட்டிவிடும். அதே 17, 40, 12 அளவில் ரோலர் என்ஜே 203 போட்டார்கள், தீர்ந்தது.

உவர்மலை90

கிளச் பக்கக் குழி 52.06க்கு என்ன செய்யிறது? ஸ்லீவோ, லொக்டைட் பசையோ?

லேத்கை

ஸ்லீவ் என்றால் குழியைக் கடைந்து வளையம் இறக்கி மீண்டும் 52க்குக் கடைய வேணும். கேஸ் இரண்டையும் நேர்ப்படுத்தும் டவல் பின்னோடு பூட்டி, நல்ல நிலையில் இருக்கும் மக்னட் பக்கக் குழியிலிருந்து மையம் எடுத்துக் கடைந்தால் மட்டும் செய்யுங்கோ. ஒற்றைக் கேஸைச் சக்கில் பிடித்துக் கண் மதிப்பில் மையம் பார்க்கும் இடத்தில் கொடுத்தால், இப்போதுள்ளதைவிட மோசமாகும்.

கிண்ணியா கராஜ்

0.06க்கு ஸ்லீவ் வேணாம், நானா. குழி வட்டமா இரிக்கின்னு சொல்றாரு. லொக்டைட் 641 போதும், அது 0.1 வரை நெரப்பும், பின்ன கழட்டுறதுக்கும் வரும். 638 இன்னும் பலம், ஆனா அடுத்த தடவ கேஸப் பிரிக்கிறவன் நம்மளத் திட்டுவான். முட்டையா இருந்திருந்தாலோ 0.1 தாண்டியிருந்தாலோ நானும் ஸ்லீவ்தான் சொல்லியிருப்பேன்.

லேத்கை

0.06 வட்டத்துக்கு 641, சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சுத்தம்தான் அதன் உயிர். குழியும் வெளிவளையமும் அசிற்றோனால் துடைத்து முழுக்கக் காய வேணும். ஒயில் படிந்த கேஸில் அது பிடிக்காது, பிடித்த மாதிரித் தெரியும். குழிச் சுவரில் மட்டும் மெல்லிசாகப் பூசுங்கோ, பேரிங்கில் பூசினால் வழிந்து போலுக்குள் போகும். பூசமுன்னம் கியர், ஷிஃப்ட் ட்ரம், கிக் ஷாஃப்ட் எல்லாம் வைத்து ஒரு தடவை வெறுமையாகக் கேஸைப் பூட்டி, கிராங்கும் எல்லாக் கியரும் சுழலுதா என்று பாருங்கோ. பூசிய பிறகு ஏதும் தடக்கினால் யோசிக்க நேரம் கிடைக்காது.

கேஸ் ஸ்குரூக்களைக் குறுக்கு மறுக்காக இறுக்குங்கோ, 6 மி.மீ. ஸ்குரூவுக்கு 10 நியூட்டன் மீற்றர் அளவில். இறுக்க இறுக்கக் கிராங்க் கனத்தால் நிறுத்தி, அச்சு நுனியில் ரப்பர் சுத்தியலால் இரண்டு பக்கமும் மெதுவாகத் தட்டுங்கோ. பக்க அழுத்தம் விட்டால் திரும்பவும் இலேசாகும். அப்படியும் கனத்தால் ஏதோ ஒரு பேரிங் அடி வரை இறங்கவில்லை, ஸ்குரூ போட்டு இழுக்காமல் பிரித்துப் பாருங்கோ. பிறகு 24 மணித்தியாலம் கிடக்கட்டும், ஒயில் ஊற்ற வேண்டாம்.

கிண்ணியா கராஜ்

ரெண்டு மூணு சில்லறை. கிராங்கு வலப்பக்கம் கிளச்சுக்கு வெளிய சுத்துற ஒயில் ஃபில்டர் மூடி இரிக்கே, அதுக்குள்ள களிமண் மாதிரி அடைஞ்சிரிக்கும், சொரண்டி எடுங்க. கேஸ் அடியில இரிக்கிற வலையையும் கழட்டிக் கழுவுங்க. பழைய பேரிங் துகள் அங்கதான் ஒக்காந்திரிக்கும், அத விட்டுட்டுப் புதுசு போட்டு என்ன பிரயோசனம்.

ஜப்பான் ஸ்குரூவுக்கு ஜேஐஎஸ் (ஜப்பான் தர அளவு) தலை. சாதாரண நச்சத்திர டிரைவர் வழுக்கித் தலைய அரைக்கும். இம்பாக்ட் டிரைவருக்கும் ஜேஐஎஸ் பிட்தான் வாங்குங்க. புதுப் பேரிங்க பூட்டுற நேரம் வரை கடதாசியோட வைங்க, வெறுங்கையால தொட்டு வச்சா நம்ம காத்துக்கு ஒரு ராத்திரியில வெரல் ரேகையாத் துருப்புடிக்கும். கொழும்பு பஞ்சிகாவத்தையில எடுக்கிறீங்கன்னா பெட்டியப் பாத்து மயங்காதீங்க, வளையத்துல இரிக்கிற எழுத்தப் பாருங்க. நல்ல சாமான்ல எழுத்து மெல்லிசா, ஒரே ஆழமா, நேரா இரிக்கும். பெட்டியில சீ-3ன்னு இருந்து வளையத்துல இல்லன்னா வைச்சிட்டு வாங்க. எஸ்கேஎஃப்ன்னா படம் எடுத்து அனுப்பி அசலான்னு பாக்க அவங்கட அப் ஒண்டும் இரிக்கி.

உவர்மலை90

பூட்டி முடிச்சாச்சு. கிராங்க் ஓட்டம் 0.02. பின்னில ஒயில் வந்ததை லேத்திலயே பாத்தன். ரிங் வாய் 0.20, வால்வு ரெண்டும் குளிரில 0.05, பொயின்ற் 0.35. ஃப்ளைவீல் டீ குறியும் கேம் சக்கரத்தின்ர வட்டக் குறியும் நேர். முதல் உதைக்கு முன்னம் இன்னும் ஏதும்?

லேத்கை

பிளக்கைக் கழட்டி வையுங்கோ. மேல் வால்வு மூடியையும் திறந்து விடுங்கோ. ஒயில் கிளச் ஈரத்தில் ஓடும் வண்டிக்கு ஜேஏஎஸ்ஓ எம்ஏ என்று அடித்தது. சுவிச்சை ஓஃப் பண்ணி வைத்துக்கொண்டு, வால்வுப் பக்கம் ஒயில் கண்ணுக்குத் தெரியும்வரை உதையுங்கோ. ஒரேயடியாக வராது, கொஞ்சம் கால் நோகும். வந்த பிறகுதான் பிளக். வரவே இல்லை என்றால் ஸ்டார்ட் பண்ண வேண்டாம், இங்கே வந்து எழுதுங்கோ. ஓடத் தொடங்கினால் முதல் ஒயிலை 100 கிலோமீற்றருக்குள் இறக்கி, வெள்ளைத் துணியால் வடித்து, என்ன மினுங்குது என்று படம் போடுங்கோ. உருக்கு மினுக்கமும் அலுமினிய மினுக்கமும் வேறு, காந்தம் வைத்தால் தெரியும்.